தரைச்சக்கரம் குழுவும் நான் நேராத நேர்த்தியும்

ராசா, இந்த வருசம் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நீ காப்புக் கட்டிக்கொள்ள வேண்டாம். சென்னையில் லீவு சொல்லிவிட்டதாகவும், ரயிலுக்குச் சீட்டுப் போட்டுவிட்டதாகவும் போனில் சொன்னாய். வருவதானால் வா, உன் வீடு. ஆனால் மஞ்சள் வேட்டி கட்டி, அக்கினிச்சட்டி ஏந்தி, தெருத்தெருவாக நடக்க வேண்டாம். ஏன் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உனக்கு ஒரு படி தபாலில் வரும். இன்னொரு படியை, நம் பேட்டையில் மாதாமாதம் போடுகிறார்களே அந்தப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். வீட்டு விசயத்தை அச்சில் ஏற்றுகிறாளே என்று உனக்குக் கோபம் வரலாம். நான் சொன்ன பொய்யை இந்த ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. உன் காதில் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு ஊருக்கு முன்னால் பழைய மரியாதையோடு நடமாட எனக்கு மனசு ஒப்பவில்லை.

அன்றைக்கு நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, எனக்காக நீங்க நேர்ந்துக்கிட்டீகள்ல, அதே மாதிரி பிறக்கப்போற பிள்ளைக்கு நானும் நேர்ந்திருக்கேன். பையனோ பொண்ணோ, வயசு வந்ததும் வருசா வருசம் சட்டி எடுக்கணும். உலகத்துல எந்த மூலைல வேலை பாத்தாலும் அந்த நாளுக்கு நம்ம ஊருக்கு வந்துறணும்." எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாய்! பக்கத்தில் மருமகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் "நல்லதுய்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் எழுந்தேன். உனக்காக நான் அப்படி ஒரு நேர்த்தியும் நேரவில்லை ராசா. அக்கினிச்சட்டி எடுக்க வேண்டும் என்று ஆத்தாளிடம் நான் சொன்னதே கிடையாது. நீ கொடைக்கானலுக்குப் போகாமல் இருப்பதற்காக நான் கட்டிவிட்ட கதை அது.

அந்தக் கொடைக்கானல் பயணம் என்ன பயணம், அதற்காக நீங்கள் எத்தனை வருசம் அலைந்தீர்கள் என்பதெல்லாம் மருமகளுக்குத் தெரிந்திருக்காது. நீ அவளிடம் உங்கள் பாட்டுக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று அவளே என்னிடம் சொன்னாள். ஆகவே நானே சொல்கிறேன். பெற்ற பிள்ளைக்கு அவன் வாழ்ந்த கதையையே சொல்கிறாளே என்று நினைக்காதே. அது எனக்கு எவ்வளவு தெரியும் என்பது உனக்குத் தெரியாது.

சிவகாசியில் ஆப்செட் அச்சகம் ஒன்றில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான் காளிராஜ். நீ கல்லூரி முடித்துவிட்டு, நம் மிளகாய் வத்தல் மண்டிக்கு விலைப்பட்டியல் அச்சடிக்கப் போன இடத்தில் அவனைப் பார்த்தாய். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி பாடிக்கொண்டே வேலை பார்த்தானாம். காலண்டர் சீசனில் ராத்திரி பகல் பாராமல் ஓடும் மெஷின், தை பிறந்தால் சும்மா கிடக்கும். பட்டாசுக் கம்பெனிகளிலும் தீபாவளி லோடு போனபிறகு கொஞ்ச நாளைக்கு வேலை மந்தம். அந்தச் சமயத்தில்தான் ஊர் ஊராகக் கோயில் பொங்கல் வரும், கச்சேரிக்கு ஆள் தேடுவார்கள். உங்கள் குழு அந்த இடைவெளியில் பிறந்தது. எம். புதுப்பட்டியிலிருந்து பால்பாண்டி டிரம்ஸ் அடிக்க வந்தான். அவனும் அவன் அம்மாவும் பயர் ஆபீசில் பட்டாசு சுற்றி வேலை பார்த்தவர்கள். அச்சகத்துக்காரர் வீட்டுக் கீபோர்டை வாசிக்க வாரத்துக்கு ஓர் ஆள் வருவான், போவான். நிலையாக இருந்தது நீங்கள் மூன்று பேர்தான். டிரம்மின் முகத்தில் தரைச்சக்கரம் சுற்றுகிற படத்தைக் காளிராஜே வரைந்து ஒட்டினான். பெயரும் அதுவே ஆயிற்று.

மற்றக் குழுக்களெல்லாம் சினிமாப் பாட்டுப் பாடினார்கள். நீங்களும் பாடினீர்கள். ஆனால் உங்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது வெள்ளைக்காரர்களின் பழைய ஆட்டப் பாட்டுகள்மேல். பட்டாசு முதலாளிகளின் கிளப்பில் வருசப் பிறப்புக்கு இங்கிலீஷ் பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி ஒருவரின் மகன் கேசட் கொடுத்தான். காளிராஜுக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போட மட்டும் வரும். நம் வீட்டு முற்றத்தில் டேப் ரிக்கார்டரை வைத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டீர்களே. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "இவன் என்ன சொல்லுதான், 'பேபி'யா 'மேபி'யா?" என்று உங்களுக்குள் சண்டை. அஞ்சாம் வகுப்போடு நின்று, மண்டியில் பொட்டலம் கட்ட வந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். ஆனாலும் "பேபிதான்லே, எல்லாப் பாட்டுலயும் அதத்தான சொல்லுதான்" என்றேன். காளிராஜ் எழுந்து கும்பிட்டான். "அம்மா, நீங்க எங்க மியூசிக் டைரக்டர்" என்றான். அவனுக்கு என் கையால் காப்பி கொடுத்தேன். எவர்சில்வர் தம்ளரில் கொடுக்கவில்லை, கடையில் வாங்கிவைத்த பேப்பர் கப்பில் கொடுத்தேன். நீ கவனித்தாய். அடுத்த நாளிலிருந்து நீயும் பேப்பர் கப்பிலேயே குடித்தாய். அன்றைக்கே நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் பட்டேன்.

வரவு செலவில் உங்களுக்குள் மனத்தாங்கல் வந்தபோது காளிராஜ்தான் யோசனை சொன்னான், கணக்கை அம்மா பார்க்கட்டும் என்று. "அம்மா கைல இருந்தா ஒருத்தன் வாய் பேச மாட்டான்" என்றான். அப்படித்தான் உங்கள் வேன் எந்த ஊருக்குப் போனது, எங்கே மைக் செட்காரன் ஏமாற்றினான், எங்கே மழை வந்து கச்சேரி நின்றது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காரியாபட்டிப் பக்கம் ஓர் ஊரில் சாமி பாட்டுப் பாடாமல் நேராக ஆரம்பித்ததற்கு, விழாக் குழுத் தலைவர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினாராமே. "ஏலே, ஆத்தாளக் கூப்பிடாம யாரக் கூப்பிடுதீக?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து முதல் பாட்டு மாரியாத்தா பாட்டு என்று ஆக்கிக்கொண்டீர்கள். அதை வந்து என்னிடம் சொல்லி, எந்தப் பாட்டு நல்லது என்று கேட்டீர்கள். நான் சொல்லிக்கொடுத்தேன். வத்தல் மண்டி வீட்டுப் பொம்பளை, மேடைக்காரர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அதில் எனக்குச் சந்தோசம் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஒரே ஒரு தடவை உங்கள் கச்சேரியை நேரில் பார்த்தேன். உனக்குத் தெரியாது. ஆனைக்குட்டத்தில் என் சித்தி மகள் வீட்டுக்கு விசேசத்துக்குப் போயிருந்தேன், அன்றைக்கு அங்கே கோயில் கொடைத் திருவிழா. பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்தேன். நீ மேடையில் கிட்டாரோடு வந்து நின்றாய். வீட்டில் கூன் போட்டு நடக்கிற பிள்ளை அங்கே நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் ஓர் இங்கிலீஷ் பாட்டு வந்தது. முடிந்ததும் கம்மாய்க்கரைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "ஏலே கிட்டார்க்காரா, அந்த ஆய்ஊய் பாட்ட இன்னொரு தடவ போடுலே!" என்று கத்தினார். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்துக்கொண்டு மறுபடி வாசித்தாய். பக்கத்தில் இருந்த பெண்ணொருத்தி, தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து விரலில் மருந்து காயாமல் வந்தவள், "அந்தச் செவத்த பையன் எம்புட்டு அழகா வாசிக்கான் பாரு" என்றாள். என் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேள். அவள் "உங்க மகனா? எந்த பயர் ஆபீஸ்ல வேலை பாக்கான்?" என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

கொடைக்கானல் ஓட்டல்காரர் உங்களைக் கேட்டது கிளப்பில் வைத்து. சீசன் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் பாட்டு வாசிக்க ஆள் வேண்டும், வந்து ஒருநாள் வாசித்துக் காட்டுங்கள், பிடித்தால் அடுத்தடுத்த வருசங்களும் நீங்கள்தான் என்றார். நீ ஓடி வந்து சொன்னாய். அதே வாரம் உன் அத்தை, அப்பாவின் தங்கை, வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மகளை உனக்குப் பேசலாம் என்று ஓர் எண்ணம் இருந்த சமயம். "மதினி, நம்ம பய பயர் ஆபீஸ் பயலுகளோட மேடை மேடையாக் குதிக்கான்னு எங்க வீட்டுல சொல்லுதாக. இப்ப மலைக்கு வேற போறானாம்ல? குடிக்கிற எடத்துல வாசிக்கப் போறவனுக்கு நாங்க எப்படிப் பொண்ணு குடுக்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அவளுக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டேன்.

அன்று சாயங்காலம் கோயிலில் பொங்கல் சாட்டி, திருவிழாவை ஊருக்கு அறிவித்தார்கள். மறுநாள் காலையில் நீ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தேன். உனக்கு ரெண்டு வயசில் அம்மை போட்டது, கண்ணைத் திறக்காமல் கிடந்தாய், வேப்பிலைப் படுக்கையில் உன்னைப் போட்டுவிட்டு நான் அழுதேன், அதெல்லாம் நிஜம். அப்போது வேண்டிக்கொண்டதும் நிஜம். வெள்ளிக் கண்மலர் சாத்துகிறேன், உப்பும் மிளகும் போடுகிறேன் என்றுதான் வேண்டினேன். நீ கண் திறந்த மாசமே நானும் அப்பாவும் உன்னைத் தூக்கிப்போய் அதைச் செலுத்திவிட்டோம். அந்த நிஜத்தோடு என் பொய்யைச் சேர்த்துப் பின்னினேன். "அன்னைக்கு ஆத்தாட்ட இன்னொண்ணும் சொன்னேம்யா. நீ வளந்து ஆளானதும் வருசா வருசம் சட்டி எடுப்பன்னு. இத்தன வருசம் தள்ளிப்போட்டுட்டேன். நேத்து கனவுல வந்து கேக்கா" என்றேன். கனவு வேறு. அதையும் சேர்த்துக்கொண்டேன். காப்புக் கட்டிய ஆள் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது என்பது நீ சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தது. கொடைக்கானலுக்குப் போனால் தங்காமல் திரும்ப முடியாது. உங்களை வரச்சொன்ன நாள் பொங்கலுக்கு முந்தி என்று எனக்கு நன்றாகத் தெரியும். கணக்குப் பார்க்கிறவள் ஆயிற்றே.

நீ இட்லியைப் பிட்ட கையோடு அப்படியே இருந்தாய். "அடுத்த வருசம் எடுத்தா ஆகாதாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "உன் உசுருக்கு நேர்ந்ததுய்யா" என்றேன். அன்றைக்கே கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசாரி கையால் உனக்குக் காப்புக் கட்டவைத்தேன். உன் அப்பாவுக்குத் தெரியும். கண்மலர் சாத்தப் போனபோது உன்னைத் தோளில் வைத்திருந்தவரே அவர்தானே. அடுக்களைக்கு வந்து, "அதத்தான் அப்பவே செலுத்தியாச்சே" என்றார். "நீங்க பேசாம இருங்க" என்றேன். அவர் பேசாமலே இருந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருசம்கூட நீ சட்டி எடுப்பதைப் பார்க்க அவர் வாசலுக்கு வந்தது கிடையாது. மண்டியில் சரக்கு இறங்குகிறது என்பார். பொங்கல் அன்றைக்கு எந்த மண்டியில் சரக்கு இறங்கும்?

உன்னை வீட்டில் வைத்துவிட்டு மற்றவர்கள் போனார்கள். கிட்டார் இல்லாமல் அந்தப் பாட்டுகள் நிற்காது. ரெண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் தம்பி என்று ஓட்டல்காரர் எழுந்துவிட்டாராம். லீவு சொல்லாமல் போனதற்குக் காளிராஜை அச்சகத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு உங்கள் குழு இல்லை. நீ சென்னைக்கு வேலைக்குப் போனாய். உன் அத்தை மகளை வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அதுவும் நடக்கவில்லை. பால்பாண்டி டிரம்மை விற்றுவிட்டுப் பயர் ஆபீசிலேயே மருந்து கலக்கிற வேலைக்குப் போய்விட்டான். அந்த வேலையை விட்டு வெளியே வரத்தான் அவன் கொடைக்கானலை அவ்வளவு நம்பியிருந்தான். எங்கேயாவது வெடி விபத்து என்று பேப்பரில் வந்தால் நான் முதலில் பெயர்களைப் படிக்கிறேன். அவன் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதைப் படிப்பேன். அப்படி நிம்மதி அடைகிறேனே, செத்தவர்களின் தாய்மாரை நினைக்காமல், அதற்கும் கூசுகிறது.

எனக்கு மிகவும் கூசுகிற இடம் ஒன்று இருக்கிறது. நீ சட்டி ஏந்தி வரும்போது நான் வேப்பிலையோடு உன் பின்னால் நடப்பேன் அல்லவா? நீ நிஜமாக விரதம் இருந்தாய். வெறும் தரையில் படுத்தாய். கை பொசுங்கினாலும் முகம் சுளிக்கவில்லை. தெருவில் பெண்கள் உன் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, என் கையைப் பிடித்து, "சொன்ன நேர்த்திய இம்புட்டு வருசம் கழிச்சும் மறக்காமச் செலுத்துதீகளே, பக்தின்னா இதுல்ல" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அது அடக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒவ்வொரு வருசமும் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். உன் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும் அப்போது. இவள் சொன்னது பொய் என்று தெரிந்தால் பிள்ளை ஆத்தாளையும் சேர்த்து வெறுத்துவிடுவானோ என்று பயம் வரும். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீ என்னை வெறுப்பாய் என்பதுதான் பயம். ஆத்தாளை அதிலும் ஒரு மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன்.

நீ தகப்பனாகப் போகிறாய். உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேண்டிக்கொள், நானும் வேண்டிக்கொள்வேன். ஆனால் அதன் கால் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதற்கு ஆத்தாளை இழுக்காதே. உனக்குப் பிடிக்காத இடத்துக்கு அது போனால், எனக்குப் பிடிக்கவில்லை என்று உன் வாயால் சொல். சண்டை வரும். வரட்டும். நான் அன்றைக்கு "நீ அவர்களோடு போவது எனக்கு அவமானமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால், நீ என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாய். போயிருக்க வேண்டும். பிறக்காத பிள்ளைக்கு நீ நேர்ந்திருப்பதை வாபஸ் வாங்கலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொய்ய நம்பி நேர்ந்தது புள்ளயக் கட்டாது தாயி. பொய் சொன்னவுகதான் கட்டுப்படணும்" என்றார். ஆகவே இந்த வருசம் காப்பு எனக்கு. இது நானே, நிஜமாக நேர்ந்துகொண்டது. நீ ஆத்தாளைக் கும்பிடுவதும் விடுவதும் இனி உனக்கும் அவளுக்கும் நடுவில். நான் குறுக்கே வரமாட்டேன்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் போன செவ்வாய்க்கிழமை சிவகாசிக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார், நான் கூப்பிடாமலே. காளிராஜ் இப்போது வேறோர் அச்சகத்தில் இருக்கிறான். கல்யாணமாகிப் பெண் குழந்தை இருக்கிறது. "வாங்கம்மா, வாங்கய்யா, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்று பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தான். அவன் மனைவி எவர்சில்வர் தம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் எழுந்து வாசலுக்குப் போய் அந்தப் பக்கம் பார்த்து நின்றான். அப்பா அவன் பக்கத்தில் போய் நின்றார்.

திரும்பி வந்து, "அம்மா, அவன் காப்பக் காட்டி வரமுடியாதுன்னு சொன்னப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றான். "மண்டிக்கார வீட்டுப் பயலுக்கு எங்களோட வர வெக்கம், சாமி ஒரு சாக்குன்னு சொன்னேன். பால்பாண்டி முன்னாடியே சொன்னேன். அவன் அழுதாம்மா. நடிக்காதலேன்னுட்டு வந்துட்டேன். அதோட அவங்கூடப் பேச்சு இல்ல." வெட்கம் என் பிள்ளைக்கு இல்லை, எனக்குத்தான் என்றேன். அவன் கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனை வருசம் நீ ஏன் அந்தக் குழுவைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. பாட்டு போனது மட்டும் என்று நினைத்திருந்தேன். சிநேகிதன் உன்னைப் பொய்யன் என்று சொன்னதும் என் கைங்கரியம்தான். மன்னித்துவிடு என்று அவனிடம் கேட்டேன். அவன் உன் நம்பர் கேட்டான். கொடுத்தேன். பிள்ளைக்கு இன்னும் தெரியாது, நான் எழுதி, அவன் படித்த பிறகு பேசு என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினான். நாங்கள் தெருமுனை தாண்டிப் பஸ்ஸுக்கு நிற்கும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். சட்டைகூட மாற்றவில்லை, கையெல்லாம் அச்சு மை.

"ஏம்மா, நீங்க எழுதுறத அவன் படிச்சு முடிக்க எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டான்.